காணாமல் போன விமானத்தைத் தேடி ஒரகடம் சாலையில்

திங்கட்கிழமை விடிந்ததும் மீனம்பாக்கத்தில் டாக்ஸி பிடித்தேன். எங்கே போக வேண்டும் என்று டிரைவர் கேட்டார். "படப்பைப் பக்கம்" என்று மட்டும் சொன்னேன்.

அறுபதுகளின் பிற்பகுதி அது. நானும் என் கணவரும் கரூரிலிருந்து சென்னைக்கு வந்திருந்தோம். அவர் உயர்நிலைப் பள்ளியில் பூகோள ஆசிரியர். ஒரு தனியார் கம்பெனி சிறு விமானத்தில் ஆட்களை ஏற்றி ஊரையும் சுற்றுப்புறத்தையும் வானத்திலிருந்து காட்டுகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. செங்கல்பட்டு ஜில்லாவின் ஏரிகளை மேலிருந்து ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றார். எனக்கு உயரம் என்றாலே பயம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மீனம்பாக்கத்தில் அவர் மட்டும் ஏறினார். வேறு யாரும் வரவில்லை. பைலட்டும் அவரும்தான். அரைமணியில் திரும்ப வேண்டிய விமானம் இருட்டும்வரை வரவில்லை. மேற்கே மேகம் திரண்டு மழை கொட்டியது. படப்பைக்கு மேலே பறந்தபோது ரேடியோவில் பேசியதுதான் பைலட்டின் கடைசிப் பேச்சு என்றார்கள் விமான நிலையத்தில். போலீஸ் தேடுகிறது, நீங்கள் போய் ஓய்வெடுங்கள் என்றார்கள். நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

டாக்ஸியில் ஏறும்போது ஓர் இளம்பெண் ஓடி வந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். இரவெல்லாம் எதிர் பெஞ்சில் இருந்தவள்தான். பைலட்டின் மனைவி, பெயர் ஸ்டெல்லா, பெரம்பூர். "நானும் வரேன், அக்கா" என்றாள். நகர்ந்து இடம் கொடுத்தேன்.

டிரைவர் கன்னியப்பன் படப்பைக்குப் பக்கத்து ஊர்க்காரர். விஷயத்தைக் கேட்டதும் மீட்டரை நிறுத்திவிட்டு, ஏரி ஏரியாகப் பார்த்துக்கொண்டே போகலாம் என்றார். அவர் நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் ஐப்பசி மழையில் எல்லா ஏரியிலும் தண்ணீர் ஏறியிருந்தது.

தாம்பரத்திலிருந்து படப்பை எட்டு மைல். முடிச்சூர் தாண்டியதும் சாலையின் இருபுறமும் வயல்கள், பனைகள், அவற்றுக்குப் பின்னால் நீண்ட கரைகள். கரை தெரியும் இடத்திலெல்லாம் கன்னியப்பன் வண்டியை நிறுத்தி மேலே ஏறிப் பார்ப்பார். அவர் தலை கரைக்கு மேலே நிற்கும். நாங்கள் இருவரும் அவர் திரும்பும் விதத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். கையை ஆட்டி ஒன்றுமில்லை என்று காட்டுவார். அப்புறம்தான் மூச்சு வரும். கொஞ்ச தூரத்தில் அடுத்த ஏரி வந்துவிடும்.

படப்பை டீக்கடையில் எல்லோருமே சத்தத்தைக் கேட்டிருந்தார்கள். ஒருவர் தெற்கே கை காட்டினார், இன்னொருவர் வடக்கே. இடி இடித்ததைத்தான் இவர்கள் விமானம் என்கிறார்கள் என்றார் கடைக்காரர். மூன்று டீ கொடுத்தார். ஸ்டெல்லா தன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தாள்.

சேரப்பணஞ்சேரியில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்களிடம் கன்னியப்பன் விசாரித்தார். அவர்களில் ஒருத்தி சேற்றிலிருந்து நிமிர்ந்து, மழைக்கு முன்னே தலைக்கு மேல் போனது, இருமிக்கொண்டே போனது, ஒரகடம் பக்கம் என்றாள். முதல்முறையாகத் திசை ஒன்று கிடைத்தது. கன்னியப்பன் வண்டியை விரட்டினார். அந்தச் சாலையில் வண்டியை விரட்டினால் உட்கார்ந்திருக்க முடியாது. ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இரண்டு வருஷம் என்றாள். அவர் மேகத்துக்குப் பயப்பட மாட்டார், ஆனால் கவனமானவர் என்றாள். என்னவரைப் பற்றி நானும் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை.

ஒரகடம் கூட்டுரோட்டில் வலப்பக்கம் திரும்பி ஸ்ரீபெரும்புதூர் சாலையில் போனோம். வல்லத்துக்குச் சற்று முன்னால், சைக்கிளில் பால் கேன்களோடு வந்த ஒருவர் எங்களைப் பார்த்ததும் தாமாகவே இறங்கினார்.

"பிளேனத் தேடிகினு வர்றீங்களா? அந்தாண்ட ஏரிக்குள்ளாற கருவேல மரத்துல மாட்டிகினு கீது. ரெண்டு பேராம். ஒருத்தருதான் உசுரோட கீறாராம்."

"யாரு?" என்றார் கன்னியப்பன்.

"நான் பாக்கலப்பா. சொன்னாங்கோ."

வண்டி கிளம்பியது. அதற்குப் பிறகு ஒரு மைல்கூட இருந்திருக்காது. அவள் கை என் கையில்தான் இருந்தது. அதை விடவும் முடியவில்லை, பிடித்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. விடிந்ததிலிருந்து இருவரும் ஒன்றையே வேண்டிக்கொண்டு வந்தோம். இப்போது நான் வேண்டுவது அவளுக்கு எதிராகவும், அவள் வேண்டுவது எனக்கு எதிராகவும் ஆகிவிட்டது. அது இருவருக்கும் தெரிந்திருந்தது.

சாலையோரம் போலீஸ் ஜீப் நின்றது. ஏரிக்கரையிலிருந்து நாலு பேர் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கட்டிலில் கிடந்தவர்மேல் சாக்கு போர்த்தியிருந்தது; முனகல் கேட்டது. அதற்குக் கீழே சேறு படிந்த வேட்டியின் முனை தொங்கியது. எனக்கு முன்னால் ஸ்டெல்லா அதைப் பார்த்துவிட்டாள்.

"உங்க வீட்டுக்காரர்தான், அக்கா. போங்க" என்றாள்.

அவருக்கு ஒரு கால் ஒடிந்திருந்தது. முகமெல்லாம் கீறல். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார். நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஸ்டெல்லா யாரையும் கேட்காமல் கரையேறி அந்தப் பக்கம் இறங்கிப் போனாள்.

ஜீப்பின் பின்சீட்டைக் கழற்றி இடம் பண்ண நேரமானது. அதற்குள் அவள் திரும்பி வந்தாள். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"உடனேயா?" என்று கேட்டாள்.

என் கணவர் என்னைப் பார்த்தார், பிறகு அவளை. "இல்லம்மா. விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வரைக்கும் இருந்தார்."

"ஏதாச்சும் சொன்னாரா?"

"தண்ணி கேட்டார். கால் மாட்டிக்கிச்சு, என்னால எறங்க முடியல. மழைல நனைஞ்ச வேட்டியப் பிழிஞ்சு குடுத்தேன்."

"குடிச்சாரா?"

"குடிச்சார். மூணு நாலு தடவ."

அவள் தலையசைத்தாள். எழுந்து மறுபடி கரைப் பக்கம் நடந்தாள்.

ஜீப்பில் அவரோடு நான் ஏறினேன். கன்னியப்பன் டாக்ஸியில் எங்கள் பின்னாலேயே வந்தார். ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் அவரை இறக்கிப் படுக்கவைத்தபின், ஏதாவது சாப்பிடுங்கள் என்று கன்னியப்பனிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

"அங்க அந்தம்மா தனியா கீது. நான் போயி கூட இருக்கறேன்" என்று சொல்லி வண்டியைத் திருப்பினார்.

காலில் மாவுக்கட்டோடு அவரைக் கரூருக்கு அழைத்து வந்தபோது, வாசலில் தெருவே கூடியிருந்தது. தப்பித்தவர் கதையைக் கேட்க எல்லோருக்கும் ஆசை. அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பெரம்பூரில் அன்று இன்னொரு வாசல் எப்படி இருந்திருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.