1060-ஆ, 1650-ஆ: வனஜா ஸ்டூலை விட்டு எந்திரிக்காத மத்தியானம்

கம்ப்யூட்டர் கடைக்காரன் தேஜஸ் பார்சலைக் கவுண்டர் மேல வச்சான். டேப்பு ஒட்டி, கட்டி, எல்லாம் ரெடியா இருந்துச்சு.

"எடுத்துக்குங்க ஆன்ட்டி. பணம் வந்துருச்சு."

"யாரு குடுத்த பணம்?"னு கேட்டா வனஜா.

"ஷ்யாம் பாய்தான். காலையிலயே போன் பண்ணி அனுப்பிட்டாரு."

ஷ்யாம் அவ மகன்; பாய்னா இங்க அண்ணன்னு அர்த்தம். ஐடி வேலை, புனேயில கடை இருக்கிற இதே ஔந்த் ஏரியாவுல பொண்டாட்டி தீப்தியோட இருக்கான். வனஜா டேப்பைக் கிழிச்சு அட்டைப்பெட்டியைத் தொறந்தா. உள்ள இருந்தது 1650. போன வாரம் அவ இதே கடைக்கு வந்து, பாத்து, "எனக்கு எடுத்து வை, காசோட வர்றேன்"னு சொல்லிட்டுப் போனது 1060.

"இது நான் கேட்டது இல்லையே."

"ஷ்யாம் பாய் இதைத்தான் குடுக்கச் சொன்னாரு ஆன்ட்டி. அம்மா வேற எதைக் கேட்டாலும் குடுக்காத, எனக்கு ஒரு போன் போடுன்னாரு."

இதைச் சிரிச்சுக்கிட்டே சொன்னான், என்னமோ நல்ல சேதி மாதிரி. பேச்செல்லாம் மராத்தியிலதான். வனஜாவுக்கு மராத்தி தமிழ் மாதிரியே வரும். கோபம் வந்தா இன்னும் நல்லா வரும்.

"என் பேர்ல கடையில தடை போட்டிருக்கானா அவன்?"

தேஜஸ் சிரிப்பை நிறுத்துனான்.

பின்னாடி அவ வீட்டுக்காரர் துரைசாமி கம்ப்யூட்டர் பொட்டியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. போசரிலேர்ந்து ரிக்‌ஷால அதை மடியில வச்சுக்கிட்டு வந்த மனுஷன். மே மாச வெயில். சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு. "எதாவது ஒண்ணை வாங்கிட்டுப் போலாமே வனஜா. 1650 பெரிய நம்பருதான?"ன்னாரு.

"நீ சும்மா இருய்யா."

பெரிய நம்பராம். அங்கதான் பாதிப்பேரு ஏமாறுறாங்க. இந்த 1060, 1650 ரெண்டுமே கிராபிக்ஸ் கார்டு. கம்ப்யூட்டருக்குள்ள சொருகுற, ஃபேன் வச்ச பலகை. கேம் ஆடுறப்ப படத்தை வரைஞ்சு வரைஞ்சு திரைக்குத் தள்ளுறது அதுதான். வேகமா வரைஞ்சா ஆட்டம் வழுக்கிட்டு ஓடும், மெதுவா வரைஞ்சா விக்கி விக்கி ஓடும். 1060 வந்து பத்து வருஷம் ஆகப்போவுது. 1650 அதுக்கு மூணு வருஷம் கழிச்சு வந்துச்சு. இப்ப ரெண்டும் பழசு, ரெண்டும் கைமாறி வந்த சரக்கு, விலையும் ஏறக்குறைய ஒண்ணுதான். அப்புறம் எதை வாங்குறது? ஆடுறவங்க ஓட்டிப் பாத்து முடிவு பண்ணணும். ஆடாத மகன் வீட்டுல உக்காந்து முடிவு பண்ணிட்டான்.

வனஜா யாருன்னு சொல்லணும்.

அவங்க அப்பா திருவண்ணாமலைப் பக்கத்துலேர்ந்து வந்து கோர்படி ரயில்வே காலனியில குடியேறுனவரு. வனஜா பொறந்து வளந்ததெல்லாம் புனேதான். கட்டிக்குடுத்தது போசரிக்கு. அங்க இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல, வண்டி பார்ட்ஸ் செய்யிற ஒரு கம்பெனியில பேக்கிங்ல சேந்தா. காண்ட்ராக்ட் வேலை. ஒரு நாள், சரக்குத் தூக்குற ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுறவன் வரல. லோடு லாரி வெளிய நின்னு ஹாரன் அடிக்குது, சூப்பர்வைசர் தலையைச் சொறியிறான். நான் ஓட்டுறேன்னு ஏறுனவதான், வருஷக்கணக்கா எறங்கல. சம்பளம் மட்டும் ஹெல்பர் சம்பளம். ஆபரேட்டர்னு பேரு போட்டா கூடக் குடுக்கணுமே. ஓட்டுறப்ப டிரைவர், சம்பளம் வாங்குறப்ப ஹெல்பர். இதுக்குப் பேரு திருட்டு. கம்பெனியில அட்ஜஸ்ட்மென்ட்னு சொல்லிக்குவாங்க.

புது ஃபோர்க்லிஃப்ட் வந்தப்ப ஆம்பளைங்களுக்குப் போச்சு. பழசு வனஜாவுக்கு. "உனக்கு இது போதும்"னான் சூப்பர்வைசர். பிரேக் புடிக்கலன்னு அவன்கிட்டச் சொன்னா. திரும்பத் திரும்பச் சொன்னா. அவன் பதில் ஒத்தை வார்த்தை: "சலேல்." ஓடும், பரவால்லன்னு அர்த்தம். அந்த வார்த்தையால போசரியில போன கைகாலுக்கு எவன் கணக்கு வச்சிருக்கான்? ஒரு நாள் சரிவுல எறங்குறப்ப வண்டி நிக்கல. மேல இருந்த லோடு சரிஞ்சு, கூட வேலை பாத்த ஆரோக்கியமேரி கால் மேல விழுந்துச்சு. ரெண்டு விரல் போச்சு. தப்பு யாரு மேலன்னு நெனைக்கிறீங்க? சலேல்னு சொன்னவன் மேலயா? ஓட்டுன பொம்பளை மேல. மறுநாளே வனஜாவை வண்டியிலேர்ந்து எறக்கித் திரும்பப் பேக்கிங்குக்கு அனுப்பிட்டாங்க. யூனியன்னு ஒண்ணு அங்க இருக்கத்தான் செஞ்சுது, பர்மனென்ட் ஆளுங்களுக்கு. காண்ட்ராக்ட் பொம்பளைக்காக அவங்க ஒரு டீயைக்கூட ஆற விடல. வேலையை விடுற வரைக்கும் வனஜா கையில மறுபடி ஸ்டீயரிங் வரல.

ஷ்யாம் கல்யாணம் ஆகி ஔந்த் போனப்ப தன்னோட பழைய கம்ப்யூட்டரை விட்டுட்டுப் போனான். அதுல ஒரு லாரி கேம். ஊர் ஊரா லோடு ஏத்திக்கிட்டுப் போகணும். ஒரு மத்தியானம் வனஜா சும்மா தொறந்து பாத்தா. அவ்வளவுதான், புடிச்சுக்கிச்சு. அப்புறம் தன் காசுல ஸ்டீயரிங் வாங்கி மேசையில முடுக்கினா, கீழ பெடல் வச்சா. இப்ப பதினெட்டுச் சக்கர வண்டியை ரிவர்ஸ்லயே ஷெட்டுக்குள்ள ஒரே மூச்சுல விடுவா. அவளை எறங்குன்னு சொல்ல அங்க எவனும் இல்ல. மார்ச் மாசம் பழைய கார்டு செத்துப்போச்சு. அதுலேர்ந்து வண்டி நின்னு கெடக்கு.

அந்த வனஜாதான் இப்ப கடையில ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து, டெஸ்ட் பண்ற பெஞ்சுக்கு முன்னாடி போட்டு உக்காந்தா.

"ரெண்டையும் போட்டு ஓட்டிக் காட்டு."

"பத்து நிமிஷம் டெஸ்ட் ஓட்டுறேன் ஆன்ட்டி. எல்லாருக்கும் அதான்."

"உன் டெஸ்ட்டுல மயிர் மொளைச்ச வளையம் ஒண்ணு திரையில சுத்திக்கிட்டே இருக்கும். அதைப் பாத்து நான் என்ன பண்றது? என் பொட்டியிலேர்ந்து டிஸ்க்கைக் கழட்டி இங்க மாட்டு. என் கேமை ஓட்டணும்."

தேஜஸ் துரைசாமியைப் பாத்தான். துரைசாமி சீலிங் ஃபேனைப் பாத்தாரு. வேற வழியில்லாம மாட்டுனான்.

மொதல்ல 1650. ஹைவேல ஒரு செகண்டுக்கு எழுபத்தஞ்சு படம் வந்துச்சு. நல்லா ஓடுச்சு. வனஜா ஊருக்குள்ள விட்டா, மழையை வரவச்சா. நாப்பத்தாறுக்கு எறங்கிருச்சு. திருப்பத்துல வண்டி விக்குச்சு. அப்புறம் 1060. ஹைவேல தொண்ணூறு. ஹைவே கணக்கை அவ சட்டை பண்ணல. வீட்டுத் திரை பழசு, அறுபதுக்கு மேல வந்தாலும் அதுல தெரியாது. மழையில அம்பத்தெட்டு. விக்கல் இல்ல. ஆனா கார்டு அடுப்பு மாதிரி கொதிச்சுது, எம்பது டிகிரிக்கு மேல. ஃபேன்ல ஒரு கடகடப்பு வேற. 1650 எழுபதைத் தொடல, சத்தமும் இல்ல.

"மழைக்கு 1060. இதையே குடு,"ன்னா வனஜா.

தேஜஸ் அவ பொட்டிக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தான். "ஆன்ட்டி, 1060-க்குத் தனியா ஒரு பவர் வயர் போகணும். உங்க எஸ்எம்பிஎஸ், அதான் கரண்டு குடுக்குற டப்பா, சின்னது, அந்த வயரே இல்ல. 1650-க்கு வயரே வேணாம், சொருகுனாப் போதும். இதான் வேணும்னா ஒரு கன்வர்ட்டர் போட்டுக் குடுக்குறேன். சலேல்."

அவன் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது.

"சலேலா? யாருக்கு சலேல்? சின்ன எஸ்எம்பிஎஸ்லேர்ந்து இழுத்துக் குடுத்து, வயர் உருகி, வீடு பத்திக்கிச்சுன்னா நீ வருவியா? சலேல்னு சொல்றவன் ஒருத்தனும் அது ஓடுற எடத்துல நிக்க மாட்டான். உன் வீட்டுப் பொட்டியில மாட்டுவியா இதை? சொல்லு."

தேஜஸ் தன் வீட்டுப் பொட்டியில மாட்ட மாட்டான். ஷ்யாமுக்குப் போனைப் போட்டு ஸ்பீக்கர்ல வச்சான்.

"அம்மா, இன்னும் கடையிலயா இருக்க?"

"நீ இவன்கிட்ட இன்னா சொல்லி வச்சிருக்க?"

"அரே, உன்னை யாரும் ஏமாத்தக் கூடாதுன்னுதான்மா. அந்த 1060 எல்லாம் கிரிப்டோ காசு எடுக்குற மைனிங்ல போட்டு நாள் பூரா ஓட்டுனதா இருக்கும். 1650 நியூ ஜெனரேஷன். உன் யூஸுக்கு அது போதும்."

"ஓட்டிப் பாத்துட்டேன். மழையில உன் நியூ ஜெனரேஷன் நாப்பத்தாறு, பழசு அம்பத்தெட்டு. நீ ஓட்டிப் பாத்தியா?"

"நான் ஸ்பெக்ஸ் பாத்தேன்."

"தீப்தியை ஸ்பெக்ஸ் பாத்துதான் கட்டுனியா?"

போன்ல தீப்தி சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. அந்தப் பக்கமும் ஸ்பீக்கர் போல.

"மா, ஒரு கார்டு மேட்டர் இது. ஏன் இவ்ளோ டென்ஷன்?"

"கார்டு கெடக்குது. அம்மா கேட்டா குடுக்காத, எனக்கு போன் போடுன்னு சொன்ன பாரு, அதை வாபஸ் வாங்கு. இவன் காதுல விழற மாதிரி சொல்லு. இன்னிக்கு இவன்கிட்ட சொல்லி வச்ச. நாளைக்கு டாக்டர்கிட்ட சொல்லி வைப்ப, பேங்க்ல சொல்லி வைப்ப. நான் வாயைத் தொறந்தா எல்லாரும் உனக்கு போன் போடுவாங்க. எனக்கு வாய் எதுக்குடா அப்புறம்?"

"சரி, வீட்டுக்கு வா, பேசிக்கலாம்,"ன்னுட்டு ஷ்யாம் வச்சுட்டான்.

நிர்வாகம்னா இப்படித்தான். ஆபீசுக்கு வா, பேசிக்கலாம். போனா ஆபீஸ் பூட்டியிருக்கும். வனஜா போகல. ஸ்டூல்லயே உக்காந்தா.

கடையில இருக்கிறது ஒரே ஒரு பெஞ்சு. அதுல அவ லாரி ஓடிக்கிட்டிருந்துச்சு. எதையாவது டெஸ்ட் பண்ணி வாங்க வந்தவன்லாம் பின்னாடி நின்னான். காலேஜ் பையன் ஒருத்தன் எட்டிப் பாத்து, "ஆன்ட்டி, எவ்வளவு நேரம் ஆகும்?"னான்.

"கடைக்காரர் ஒரு போன்காலுக்காகக் காத்திருக்காரு. அவரைக் கேளு."

"ரிவர்ஸ் சூப்பரா எடுக்குறீங்க."

"அதையும் கடைக்காரர்கிட்டச் சொல்லு."

துரைசாமி பொட்டியைக் கீழ வச்சுட்டு வெளிய போனாரு. கரும்புச்சாறு மூணு டம்ளரோட வந்தாரு. ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு தனக்கு, ஒண்ணை ரொம்பக் கூச்சத்தோட தேஜஸுக்கு நீட்டுனாரு. தேஜஸ் அதைக் குடிச்சுட்டு மறுபடி ஷ்யாமுக்கு அடிச்சான். எடுக்கல. மறுபடி அடிச்சான். வந்தவங்கள்ல ரெண்டு பேரு திரும்பிப் போறதைப் பாத்துட்டு, மெசேஜ்ல எதையோ நீளமா எழுதி அனுப்புனான். அதுக்கப்புறந்தான் போன் வந்துச்சு.

"தேஜஸ் பாய்." ஷ்யாம் கொரல் எறங்கிப்போயிருந்துச்சு. "அம்மா என்ன கேக்குறாங்களோ அதைக் குடுங்க. என்னைக் கேக்க வேணாம்."

"எப்பவுமேன்னு சொல்லு,"ன்னா வனஜா.

"எப்பவுமே,"ன்னான் ஷ்யாம்.

"அனுப்புன பணத்தை இவன் திருப்பிப் போடுவான். வாங்கிக்க."

தேஜஸ் அங்கயே, அவ கண்ணு முன்னாடியே பணத்தைத் திருப்பி அனுப்புனான். அப்பாடான்னு 1060-ஐ எடுத்து பபிள் கவர்ல சுத்த ஆரம்பிச்சான்.

"இரு,"ன்னா வனஜா. "அந்த 1650-ஐ இன்னொரு தடவை மாட்டு."

தேஜஸ் அழுதுருவான் போல இருந்துச்சு. மாட்டுனான்.

இப்பதான் அவ நெசமாவே கார்டை யோசிச்சா. இவ்வளவு நேரம் கோபம் யோசிக்க விடல. 1060 வாங்குனா நல்ல எஸ்எம்பிஎஸ் ஒண்ணு கூட வாங்கணும். அவ ஓட்டுற ரூம் மொட்டைமாடிக்கு நேர் கீழ, ஏசி கெடையாது. எம்பது டிகிரி கொதிக்கிற கார்டை அங்க வச்சா கார்டு கதி என்ன, அவ கதி என்ன? ஃபேன் கடகடப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்? 1650-க்கு இருக்கிற குறை மழை ஒண்ணுதான். செட்டிங்ஸைத் தொறந்து, ரோட்டுல தேங்குற தண்ணியில கட்டடம் பிரதிபலிக்கிறதைக் கொறச்சா. லாரியோட பக்கக் கண்ணாடியில கை வைக்கல. தண்ணியில கட்டடம் தெரியாட்டி போவுது, பின்னாடி எவன் வர்றான்னு தெரிஞ்சாகணும். மழையில திரும்ப ஊருக்குள்ள விட்டா. அம்பத்தி நாலு. விக்கல் நின்னுருச்சு.

மகன் சொன்ன கார்டுதான் சரி. அது அவளுக்கு வயித்தெரிச்சலா இருந்துச்சு. அவனை ஜெயிக்கணும்னே 1060-ஐ வாங்கிட்டுப் போயிரலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. அப்படி வாங்குனாலும் முடிவு அவனோடதாத்தான் இருக்கும், தலைகீழா.

"இதைக் கட்டு,"ன்னா.

"இதையா?" தேஜஸ் ரெண்டு கார்டையும் மாத்தி மாத்திப் பாத்தான். "ஆன்ட்டி, மொதல்ல நான் குடுத்ததும் இதைத்தான்."

"நீ குடுத்த. நான் வாங்கல. இப்ப வாங்குறேன். விலையைச் சொல்லு, கொறச்சுச் சொல்லு."

போசரி போய்ச் சேர்ந்தப்ப சாயங்காலம் ஆயிருந்துச்சு. வனஜாவே பொட்டியைத் தொறந்து கார்டைச் சொருகினா. துரைசாமி சோத்துக்கு அரிசி களைஞ்சாரு. அவ கேம்ல நாசிக் பக்கமா ஒரு லோடு எடுத்துக்கிட்டுக் கெளம்பி, டோல்கேட்டைத் தாண்டுறதுக்குள்ள போன் அடிச்சுது. ஷ்யாம்.

"மா, ஸாரி. கோபமா இருக்கியா?"

"ஆமா."

"ஓகே. கடைசியில எந்த கார்டு வாங்குன?"

"அதை நீ எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான்மா. தெரிஞ்சுக்கலாம்னு."

"வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன். வை,"ன்னு சொல்லிட்டு வனஜா கியரை மாத்துனா.