லக்கி என்ற பெயர்

லத்தீப் புத்தளத்துக் கரைத்தீவில் பிறந்தவன். தொண்ணூறில் மன்னாரிலிருந்து புலிகளால் உடுத்த துணியோடு விரட்டப்பட்டு வந்தவர்கள் அவனுடைய வாப்பாவும் உம்மாவும். யுத்தம் முடிந்து சில வருடங்களில் சிலாபத்துப் புடைவைக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தான். துணி மடித்தபடி ஒருநாள் சிங்களப் பாட்டொன்றைப் பாடிக்கொண்டிருந்தபோதுதான், சட்டை வாங்க வந்த ஷெஹான் அவனைப் பிடித்துக்கொண்டான். ஷெஹான் அவ்வூர்க் கத்தோலிக்கப் பையன், கிற்றார் வாசிப்பான். இன்னும் இருவரைச் சேர்த்துக்கொண்டு நால்வராகத் தொடங்கிய குழுவுக்கு 'றெல்ல' என்று பெயர் வைத்தார்கள். சிங்களத்தில் அலை.

மேடைச் சட்டைகளைத் தைத்தவள் ஷெஹானின் அக்கா டில்ருக்‌ஷி. லத்தீபையும் 'மல்லி' என்றுதான் கூப்பிடுவாள், சொந்தத் தம்பியைப்போல. அவனுக்கென்று ஹலால் கடையில் கோழி வாங்கிச் சமைப்பாள்.

குழுவுக்கு மேடை பிடித்துக் கொடுத்த முதலாளி, லத்தீப் என்ற பெயர் எடுபடாது என்று 'லக்கி' ஆக்கினார். இரண்டாவது பாட்டு யூடியூபில் பரவி, புத்தளம் வீதி பஸ்களிலெல்லாம் ஒலித்தது. குருநாகல் மேடையில் பெண்பிள்ளைகள் "லக்கி! லக்கி!" என்று கத்தியதை உம்மா கைபேசியில் பார்த்தாள்.

"பேரையும் வித்துட்டியா மகன்?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஈஸ்டர் ஞாயிறு. நீர்கொழும்பில் வாழ்க்கைப்பட்டிருந்த டில்ருக்‌ஷி பூசைக்குப் போனவள் திரும்பவில்லை; தேவாலயத்துக்குள்ளேயே குண்டு வெடித்தது. குண்டு வைத்தவர்களின் பெயர்கள் முஸ்லிம் பெயர்கள் என்று தெரிந்தபின், சாவு வீட்டுக்குப் புறப்பட்ட லத்தீபை உம்மா மறித்தாள்.

"போகாத மகன். இப்ப ஒன்ன யாரும் மனிசனா பாக்க மாட்டாங்க."

"அவ எனக்கும் அக்காதான் உம்மா."

போனான். ஒழுங்கை முழுக்கத் துக்கத்துக்குக் கட்டிய வெள்ளைக்கொடி. வீட்டு வாசலில் நின்ற இளைஞர்கள் மறித்துப் பெயரைக் கேட்டார்கள். லக்கி என்று சொல்லியிருந்தால் உள்ளே விட்டிருப்பார்கள்.

"லத்தீப்," என்றான்.

ஒருவன் சட்டையைப் பிடித்து உலுக்கினான். சத்தம் கேட்டு வெளியே வந்த ஷெஹான் அவன் கையை விலக்கிவிட்டான். பிறகு, லத்தீபின் முகத்தைப் பார்க்காமல், "போ மச்சான். இனி வராத," என்றான்.

குழு அவனைத் திரும்பக் கூப்பிடவில்லை. மாதங்கள் கழித்துத் தொலைக்காட்சியில் வேறொருவன் அவனுடைய பாட்டைப் பாடினான். கீழே 'லக்கி' என்று எழுத்து ஓடியது. லத்தீப் முதலாளிக்கு அழைத்தான். "அந்தப் பேர் குழுவோடது தம்பி," என்றார் அவர், மிகவும் அன்பாக.

கொரோனாவோடு மேடைகள் நின்றன. றெல்லவும் கலைந்தது. லத்தீப் உப்பளத்தில் மூட்டை ஏற்றப் போனான். உப்புத் தண்ணீரில் பாதங்கள் வெடித்தன. பாடச் சொல்லிக் கேட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்பான்.

பெற்றோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடத்தில் ஒருநாள் ஷெஹான் மோட்டார் சைக்கிளில் வந்தான். இத்தாலிக்குப் போகிறானாம். உம்மா கொடுத்த தேநீரைக் குடித்தான்.

"அக்காவ எங்க வச்சிருக்கு?" என்று லத்தீப்தான் கேட்டான்.

கூட்டிப்போனான். ஒரே திகதி பொறித்த கற்கள் வரிசை வரிசையாக. ஷெஹான் சிலுவை போட்டுக்கொண்டான். லத்தீப் கைகளை ஏந்தியபோது, பக்கத்துக் கல்லறையில் பூ வைத்துக்கொண்டிருந்த கிழவர் நிமிர்ந்து பார்த்தார். ஏந்திய கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். லத்தீப் கைகளை இறக்கவில்லை. துஆவை முடித்துவிட்டுத்தான் திரும்பினான்.