மைக்கில் கொடுத்த பட்டங்கள்

மல்யுத்த மேடையில் மைக் பிடிப்பவனுக்கு உடம்பில் ஓர் அடிகூட விழாது. ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு ஊர் கேட்கிற கேள்விக்கெல்லாம் அவன்தான் பதில் சொல்லியாக வேண்டும். முதலாளி சொன்னதை முகம் மாறாமல் நாலு பேரிடம் சொல்லிப் பிழைத்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். ஜவுளிக்கடையில் சாயம் போகாது என்று சொல்லியிருப்பீர்கள், பஸ் ஆபீஸில் வண்டி இதோ வந்துவிட்டது என்று சொல்லியிருப்பீர்கள். உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் கோயமுத்தூரிலும் சுற்றுவட்டாரத்திலும் நடந்த குஸ்திகளுக்கு நான் அறிவிப்பாளன். உலக சாம்பியன்கள் பெரிய பட்டணங்களில் மோதிக்கொண்டார்கள். எங்களுக்கு வாய்த்தவை பக்கத்து ஜில்லாவில் யாரும் கேள்விப்படாத சின்னப் பட்டங்கள். அவற்றின் சரித்திரத்தை எழுத என்னைவிட்டால் ஆள் இல்லை, ஏனென்றால் பாதிச் சரித்திரம் நான் கட்டிவிட்டதுதான்.

முன்னாள் சாம்பியன் சிலோனில் இருக்கிறார்

எங்கள் முதலாளி கேசவலு அதற்கு முன் டூரிங் டாக்கீஸ் நடத்தியவர். படம் மாற்றுகிற மாதிரி ஊருக்கு ஊர் பட்டத்தை மாற்றுவார். திருப்பூர் போனால் நொய்யல் கரை சாம்பியன், மேட்டுப்பாளையம் போனால் நீலகிரி அடிவார சாம்பியன். எல்லாவற்றுக்கும் மேலே கொங்குநாட்டு சாம்பியன். அதற்கு மட்டும் நிஜமான பெல்ட் உண்டு. மில் மெஷினை ஓட்டுகிற தோல் பெல்ட்டில் ஒரு துண்டை வெட்டி, நடுவில் பித்தளைத் தகடு அடித்து, அதில் ஒரு சிங்கத்தைச் செதுக்கியிருந்தார்கள். சிங்கம் கொஞ்சம் பூனைச் சாடை.

பட்டம் என்று இருந்தால் அதை ஏற்கெனவே வைத்திருந்தவர் ஒருவர் வேண்டுமே. முதல் ஆட்டத்தன்று, முன்னாள் சாம்பியன் ஓய்வு பெற்றுச் சிலோனில் குடியேறிவிட்டார் என்று மைக்கில் சொல்லிவைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். அங்கே தேயிலைத் தோட்டத்தில் பெரிய வேலையில் இருக்கிறார் என்றும் சேர்த்துக்கொண்டேன். ஆட்டம் முடிந்ததும் சிங்காநல்லூர்க்காரர் ஒருவர், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு என் முன்னால் வந்து நின்றார். "ஏனுங்க, எம் மச்சானும் அங்க தோட்டத்துலதானுங்க இருக்கறான். சாம்பியன் எந்தத் தோட்டம்னு சொன்னீங்கன்னா, நேர்ல போயி ஒரு கும்புடு போட்டுட்டு வரச் சொல்லிருவனுங்க."

ஜமக்காளம் வாங்கப் போனது

பவானிப் பட்டத்துக்குப் பெல்ட் கிடையாது, ஜமக்காளம்தான். ஜெயித்தவர் தோளில் அதைப் போர்த்தி மேடையைச் சுற்றி வரச் செய்வோம். அடுத்த ஆட்டம் வரை அது அவர் வீட்டில் இருக்கும். முதலில் அதை ஜெயித்தவர் டெரிக். போத்தனூர் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த ஆங்கிலோ இந்தியர், எஞ்சினில் கரி அள்ளிப்போடுகிற ஃபயர்மேன். அவருடைய சிவந்த தோலைப் பார்த்துவிட்டு முதலாளி அவரைப் பல்கேரிய வீரர் ஆக்கிவிட்டார். மேடையில் வாயைத் திறக்கக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. திறந்தால் சுத்தமான கோயமுத்தூர்த் தமிழ் வரும்.

யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்பதையெல்லாம் முதலாளி முன்னாலேயே முடிவு செய்துவிடுவார். அதை வெளியே மூச்சுவிடக் கூடாது. ஆடுகிறவர்களின் வீட்டாருக்குக்கூடத் தெரியாது. தெரிந்தால் அன்றோடு தொழில் படுத்துவிடும். அடுத்த பவானி ஆட்டத்தில் டெரிக் தோற்பதாக முடிவானதும், ஜமக்காளத்தை வாங்கிச் சலவைக்குப் போடச் சொல்லி என்னைப் போத்தனூருக்கு அனுப்பினார். டெரிக் டியூட்டிக்குப் போயிருந்தார். அவர் மனைவி ஜமக்காளத்தின் மேல் குழந்தையைத் தூங்க வைத்திருந்தார். பட்டம் பறிபோனால்தானே இதைத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டார். புது சாம்பியனுக்குப் போர்த்தும்போது அழுக்காக இருக்கக் கூடாதல்லவா என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "சண்டை ஞாயித்துக்கெழமைதானுங்க? அவரு தோக்கப்போறாருன்னு இன்னைக்கே உங்களுக்கு ஆரு சொன்னாங்க?"

தோற்றவன் பெயர்

நாச்சிமுத்து கொங்குநாட்டுப் பட்டத்துக்கு ஒவ்வொரு தடவையும் மோதி, ஒவ்வொரு தடவையும் தோற்றவன். பீளமேட்டுப் பக்கம் ஒரு மில்லில் பஞ்சுப் பொதி இறக்குகிற வேலை. இரண்டு பேர் சேர்ந்து புரட்டுகிற பொதியை ஒருவனாகத் தூக்கித் தோளில் வைப்பான். நிஜமாக மோதியிருந்தால் டெரிக்கையும் என்னையும் சேர்த்துத் தூக்கிப் பந்தலுக்கு வெளியே போட்டிருப்பான். ஆனால் முதலாளியின் யோசனை வேறு. உள்ளூர்ப் பையன் தோற்றால்தான் அடுத்த தடவையாவது ஜெயிப்பானா என்று பார்க்க ஊர் திரண்டு வரும்.

வெள்ளகோவில் பக்கத்தில் தோட்டம் வைத்திருந்த அவன் தகப்பனார் கருப்பண்ணக் கவுண்டர், மகனுடைய ஆட்டம் எங்கே நடந்தாலும் பஸ் பிடித்து வந்துவிடுவார். அவன் தோற்றதும், கூட்டம் கலைகிற வரை பொறுத்திருந்து, வீரர்கள் உடை மாற்றுகிற கொட்டகைக்குள் வருவார். சின்னப் போசியில் கொண்டுவந்த நெய்யை அவனிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுப்பார். ஒரு வார்த்தை திட்டமாட்டார். நாச்சிமுத்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பான். எங்களுக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. ஏதோ வேலை இருக்கிற மாதிரி ஒவ்வொருவராக வெளியே நழுவுவோம். ஒரு தடவை பெரியவர் என்னைத் தடுத்து நிறுத்தி, மைக்கில் தன் மகன் பெயர் வரும்போது மட்டும் என் குரல் இறங்கிவிடுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். "தோக்கறவன் பேரத்தானுங்க தம்பி சத்தமாச் சொல்லோணும். செயிக்கறவம் பேரச் சனமே சொல்லிக்கும்."

நாச்சிமுத்து கேட்ட ஒன்று

ஒருநாள் நாச்சிமுத்து மில் ஷிப்ட் முடிந்து, தலையெல்லாம் பஞ்சோடு என்னைத் தேடி வந்தான். வெள்ளகோவிலில் ஆட்டம் வைக்கப்போகிறார்களாமே, அங்கே தன்னை ஜெயிக்க விடும்படி முதலாளியிடம் சொல்ல முடியுமா என்று கேட்டான். பட்டத்தை வைத்துக்கொள்ள ஆசை இல்லை, அடுத்த ஆட்டத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், ஐயன் ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும் என்றான். தகப்பனாரைத்தான் அவர்கள் பக்கம் ஐயன் என்பார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. இதற்கு எதற்கு இவ்வளவு பாடு, அவரிடம் உண்மையைச் சொல்லிவிடு, பெற்றவர்தானே, வெளியே விடமாட்டார், மகன் பலசாலி என்று தெரிந்தால் சந்தோஷம்தானே படுவார் என்றேன். அவன் தலையிலிருந்த பஞ்சைத் தட்டினான். "சொல்லிப்போட்டா அப்பறம் எதுக்குங்ணா வருவாரு? நாந் தோத்துப்போறன்னுதானுங்க எங்கய்யன் வாராரு."

வெள்ளகோவில்

முதலாளி ஒத்துக்கொண்டார். இரக்கப்பட்டு அல்ல, பையன் தோற்பதைப் பார்த்துப் பார்த்து ஜனங்களுக்குச் சலித்துவிட்டது. சாயங்காலம் சந்தைத் திடலில், அப்போது கொங்குநாட்டுப் பட்டத்தை வைத்திருந்த டெரிக்கோடு ஆட்டம். கவுண்டர் சொந்தபந்தங்களை வண்டி கட்டிக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். டெரிக்குக்கு நாச்சிமுத்துவின் மேல் உயிர். அன்றைக்கு அவர் விழுந்த மாதிரி யாரும் விழுந்து நான் பார்த்ததில்லை. ரெஃபரி எண்ணி முடித்து நாச்சிமுத்துவின் கையைத் தூக்கியதும், கொங்குநாட்டு சாம்பியன் என்று அவன் பெயரைச் சொன்னேன். அவன் பெல்ட்டோடு தகப்பனாரைப் பார்த்துக் கும்பிட்டான். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இதோடு முடிந்திருக்கலாம். அப்படி முடியவில்லையே என்ற வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது.

வேறு யாராக இருந்தாலும் ஜெயித்த மகனிடம் ஓடியிருப்பார்கள். கவுண்டர் சோடாக் கடைக்குப் போனார். தோற்ற பல்கேரியாக்காரப் பையன், பாஷை தெரியாத ஊரில் ஆறுதல் சொல்ல ஒரு நாதியில்லாமல் உட்கார்ந்திருப்பானே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. சோடாவை உடைத்து வாங்கிக்கொண்டு, கொட்டகையின் பின்பக்கமாக டெரிக்கைத் தேடி வந்தார். உள்ளே டெரிக் நாச்சிமுத்துவின் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்து கரூரில் நடக்கிற ஆட்டத்தில் தான் ஜெயிக்கும்போது நாச்சிமுத்து கொஞ்சம் தள்ளி விழ வேண்டும், எப்போதும் தன் முழங்கால் மேலேயே வந்து விழுந்துவிடுகிறான் என்று அழகான தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். படுதாவை விலக்கியபடி பெரியவர் நிற்பதை நான்தான் முதலில் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

அவர் கோபப்படவில்லை. சோடாவை டெரிக்கின் கையில் கொடுத்து, குடியுங்கள் என்றார். டெரிக் அதை வாங்கிக்கொண்டு குடிக்க முடியாமல் நின்றார். நாச்சிமுத்து பெல்ட்டை அவிழ்க்கப் பார்த்தான், கொக்கி கழலவில்லை. கவுண்டர் அவன் முதுகில் கை வைத்தார், உடனே எடுத்துக்கொண்டார். "இன்னைக்குச் செயிச்சது உன்னுது இல்லைன்னாப் போவுது, உடு கண்ணு. இத்தன நாளாத் தோத்தியே, அதுகூட உன்னுது இல்லையா?"

வெளியே ஜனம் சாம்பியனைக் காட்டச் சொல்லிச் சத்தம் போட்டது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்; போய் மைக்கில் அவன் பெயரை இன்னொரு தடவை சொன்னேன். அதற்குப் பிறகு கவுண்டர் எந்த ஆட்டத்துக்கும் வரவில்லை. கரூரில் நாச்சிமுத்து பேசிவைத்தபடி தள்ளி விழுந்து தோற்றான். கூட்டம் கலைந்து, திடல் காலியான பிறகும் கொட்டகை வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொங்குநாட்டுப் பட்டத்தின் முழுச் சரித்திரமும் இவ்வளவுதான்: அதைப் பொய்யாக ஜெயித்தவர்கள் பல பேர், நிஜமாகத் தோற்றவன் அவன் ஒருவன்தான்.