தண்ணீரில் கண்டம் உள்ளவள் சிலாங்கூர் ஆற்றில் இறங்கினாள்

என் ஜாதகத்தில் தண்ணீரில் கண்டம் என்று எழுதியிருக்கிறது. அதனால் நாற்பத்திரண்டு வயது வரை முழங்காலுக்கு மேல் நனையாமலே வளர்ந்தேன். மோரிப் கடற்கரைக்குப் போனால்கூட நான்தான் எல்லோருடைய செருப்புக்கும் காவல். போன மாதம் போதும் போதும் என்றாகிவிட்டது. சிலாங்கூர் ஆறு ஓடும் கோலகுபு பாருவில் ரப்பர் படகுப் பயணத்துக்கு முன்பதிவு செய்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். கேட்கவில்லை, சொன்னேன்.

அம்மா இரண்டு நாள் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். சனிக்கிழமை காலை நேரம் சரியில்லையாம். அதனால் வெள்ளி மாலையே என் பையைப் பக்கத்து வீட்டு ஆன்டியிடம் கொடுத்து வைத்தார். நல்ல நேரத்தில் பை வாசலைத் தாண்டிவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. எங்கள் வீட்டில் விமானம் ஏறுகிறவர்களுக்கும் இதே ஏற்பாடுதான்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு, பிரிக்பீல்ட்சில் இருக்கும் தோழி லெட்சுமி காரோடு கிள்ளானுக்கு வந்துவிட்டாள். பக்கத்து வீட்டிலோ பூட்டு. ஆன்டி காய், மீன் வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார், போனையும் எடுக்கவில்லை. மாற்றுத் துணி, காலணி எல்லாம் உள்ளே.

“பாத்தியா, ஆறே வேணாங்குது. பேசாம உள்ள வா,” என்றார் அம்மா.

“ஆறு ஒண்ணும் சொல்லலம்மா. ஆன்டி மீன் வாங்கப் போயிருக்காங்க. நான் போறேன்.”

அன்று திரும்பி உள்ளே போயிருந்தால் இந்த ஜென்மத்தில் தண்ணீரில் இறங்கியிருக்க மாட்டேன். கார் கதவைப் படாரென்று சாத்தினேன்.

சுமார் தொண்ணூறு கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். அணையில் தண்ணீர் திறந்துவிடும் நேரம் பார்த்துத்தான் படகு கிளம்பும், தாமதித்தால் போச்சு. கடைவீதியில் பதினைந்து ரிங்கிட்டுக்கு, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் போடும் கறுப்புக் காலணி வாங்கினேன். வழுக்கும் பாறைக்கு அதைவிட நல்லது கிடையாது.

நீச்சல் தெரியாது என்றதும் படகோட்டி குணா சிரித்தார். “பரவால்ல லா அக்கா, ஜாக்கெட் இருக்கு. விழுந்தா மட்டும் எந்திரிச்சி நிக்கப் பாக்காதீங்க, பாறையில கால் மாட்டிக்கும். மல்லாந்து, கால முன்னுக்கு நீட்டிக்குங்க.”

பாறைகளுக்கிடையே ஆறு சீறும் மூன்றாவது பாய்ச்சலில் படகிலிருந்து விழுந்தேன். மூக்கு, வாய் எல்லாம் தண்ணீர். உயிரே போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் மல்லாந்தேன், காலை நீட்டினேன், மிதந்தேன். குணா கயிற்றை வீசி இழுத்துப் போட்டார். “கரையில விட்டுறவா?” என்று கேட்டார். துடுப்பைக் கொடுங்கள் என்றேன்.

சாயங்காலம் ஈரத் துணியோடு வாசலில் நின்ற என்னை அம்மா ஏற இறங்கப் பார்த்தார்.

“விழுந்தியா?”

“விழுந்தேன்.”

“அப்ப கண்டம் கழிஞ்சிருச்சு,” என்று சொல்லிவிட்டு ரசத்தைச் சூடாக்கப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே நின்று அடுத்த பயணத்துக்கும் முன்பதிவு செய்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: முதல் நாளே படகுக்காரர்களை அழைத்துத் தண்ணீர் திறக்கும் நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். பலத்த மழை என்றால் தள்ளிப் போடுங்கள். நீச்சல் தெரியாததை மறைக்காதீர்கள். கண்டம் உள்ளவர்கள் தாராளமாக வரலாம். பையை மட்டும் உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.