மலைக்கு முதுகு காட்டி நின்றவர்

கார்த்திகை தீபத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, காலையில் நான் அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரம் பார்த்து என் மனைவியின் தம்பி ஏழுமலை போன் செய்தான். "மாமா, மேடம் பூட்டாங்க" என்றான். எந்த மேடம் என்று நான் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் மேடம் என்றால் ஒருவர்தான். மேஸ்திரியான ஏழுமலையை அவர் திட்டிய அளவுக்கு இந்த ஊரில் யாரும் திட்டியதில்லை. அவன்தான் போனில் தேம்பிக்கொண்டிருந்தான். மாரடைப்பாம். அறுபது வயதுகூட ஆகவில்லை.

எங்கள் மேடம் திலகவதி அம்மையாரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் சிவில் டிப்ளமோ படித்தவர். வேலூரில் சில வருடம் ஒரு கட்டடக் கம்பெனியில் இருந்துவிட்டுத் திருவண்ணாமலைக்கு வந்து தனியாக ஒரு வேலை தொடங்கினார். அவர் வீடு கட்டித் தருபவர் அல்ல. அடுத்தவர் கட்டும் வீட்டை, சொந்தக்காரர் சார்பில் நின்று சோதித்துச் சொல்பவர். தொண்ணூறுகளின் நடுவில் அப்படி ஒரு வேலை இருப்பதே எங்களுக்குத் தெரியாது. கொத்தனார்கள் கிண்டலாக "இன்ஸ்பெக்டர் அம்மா" என்று பெயர் வைத்தார்கள்.

அப்போதுதான் நான் வேங்கிக்காலில் வீடு கட்ட ஆரம்பித்தேன். வேலை முழுக்க ஏழுமலை பொறுப்பு. மேடத்தைக் கூட்டி வந்தது நானல்ல, என் மனைவி கோமதி. எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. "சொந்தத் தம்பி கட்டறான். அவன் மேல ஒரு ஆள வெச்சா நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்று குதித்தேன்.

"தம்பிதான், யார் இல்லன்னாங்க? தப்பு நடந்தா அவன்கிட்ட உங்களால வாய் தொறக்க முடியுமா? என்னாலயும் முடியாது. அதான் அவங்க" என்றாள்.

மேடம் மொபெட்டில் வந்து இறங்கினார். தோளில் ஒரு ஜோல்னா பை, அதில் டேப், தூக்குக்குண்டு, சின்னச் சுத்தி, குடிக்கத் தண்ணீர். ஏழுமலையை டீ வாங்கி வரச் சொன்னேன். "வேணாங்க. உங்க மேஸ்திரி கையால டீ குடிச்சிட்டா அப்புறம் குறை சொல்ல நாக்கு வராது" என்று சிரித்தார். அதற்கும் முன்னால், வண்டியை நிறுத்தும்போதே சாலையிலிருந்து, "அந்த மூலைத் தூண் சாயுதே" என்றார். ஏழுமலை வீராப்பாகக் குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தான். அரை விரற்கடை சாய்ந்திருந்தது. எனக்கு மலைப்பாகிவிட்டது.

பிளானை விரித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இது. மாடியில் மலையைப் பார்த்தபடி ஒரு பால்கனி போட்டிருந்தோம். அதன்மேல் விரலை வைத்து, "தீபத்தன்னிக்கு இதுல எத்தன பேர் நிப்பீங்க?" என்றார்.

"நாங்க நாலு பேருதான்."

"அம்மா, நீங்க சொல்லுங்க. உங்க ஊர் கீழ்பென்னாத்தூர்ல சொந்தம் எத்தன குடும்பம்?"

கோமதி விரல் விட்டு எண்ணினாள். சித்தப்பா வீடு, பெரியப்பா வீடு, அத்தை பிள்ளைகள் என்று ஆள் கணக்கு முப்பதைத் தாண்டியது. "அப்ப முப்பது பேருக்குக் கட்டணும்" என்று பிளானை மடித்துக் கொடுத்தார்.

கான்கிரீட் போடும் நாளும் வந்தது. சுவரிலிருந்து வெளியே நீட்டி நிற்கும் பால்கனிக்குக் கம்பி மேற்புறத்தில் இருக்க வேண்டும். அது அடியில் இறங்கிவிட்டால், இருந்தும் பயனில்லை. கம்பியை மேலே நிறுத்திக் கட்டியிருப்பதை அவரே சரிபார்த்தார். ஆட்கள் கம்பியை மிதிக்காமல் கலவை கொண்டு போக ஒரு பலகையும் போட வைத்தார். அன்று நல்ல நாள் என்பதால் ஊரில் இன்னொரு வீட்டிலும் கான்கிரீட். அங்கே ஓடினார். மறுநாள் காலை வந்தவர் பால்கனியைப் பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்திருந்த அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏழுமலை, இதுல ஒரு சொட்டு சிமெண்ட் இல்லியே. இது மேல யாரும் நடக்கல. அப்ப எது மேல நடந்தீங்க?"

மேடமே சுத்தியை எடுத்துப் பால்கனியில் ஏறினார். சுவர் ஓரமாக ஒரு கை அகலத்துக்குக் கொத்திப் பார்த்தார். ஒரு அங்குலத்தில் தெரிய வேண்டிய கம்பி நாலு அங்குலம் போயும் தெரியவில்லை. "ஒடச்சிட்டு மறுபடி போடுங்க" என்றார்.

கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை அடித்தாயிற்று. ஏழுமலை கரண்டியை வீசி எறிந்தான். நான் அதற்கு மேல் போனேன். "உங்களுக்கு வேற வேலையே இல்லியா மேடம்? ஊர்ல எல்லாரும் இப்படித்தான் கட்டறாங்க. யார் வீடு வுழுந்துடுச்சி?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

அவர் குரலை உயர்த்தவில்லை. "வீடு உங்களுது சார். உங்க இஷ்டம். தீபத்தன்னிக்கு மட்டும் எனக்கு சொல்லி அனுப்புங்க. நீங்க எல்லாரும் மேல நிக்கறப்ப நான் அதுக்குக் கீழ வந்து நிக்கறேன். ஒண்ணும் ஆவாதுன்னா எனக்கும் ஒண்ணும் ஆவாதில்ல?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கோமதி தம்பியைப் பார்த்து, "எட்றா சுத்திய" என்றாள்.

ஏழுமலையே உடைத்தான். கம்பிகள், கான்கிரீட்டைத் தாங்க அடியில் அடித்த சென்ட்ரிங் பலகையை ஒட்டி அடியில் படுத்துக் கிடந்தன. அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அமுங்குனத நான் பாத்தேன் மாமா. மழ வர்ற மாதிரி இருந்துச்சி. வுட்டுட்டேன்" என்றான். மேடம் அதற்கு மேல் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுமுறை போட்டபோது காலையிலிருந்து மாலை வரை நகராமல் நின்றார்.

அந்த வருட தீபத்துக்குக் கீழ்பென்னாத்தூரே எங்கள் பால்கனியில் நின்றது. குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு எல்லாரும் கைப்பிடிக் கம்பி ஓரமாக நெருக்கினார்கள். கீழே பார்த்தேன். கூட்டத்தில் வண்டி வர வழியில்லாமல் நடந்தே வந்த மேடம் நேர் கீழே நின்றிருந்தார்.

"மேல வாங்க மேடம், இங்கேந்து நல்லா தெரியும்."

"எனக்கு இங்க வேல இருக்கு சார்."

மலை உச்சியில் தீபம் ஏறியது. "அரோகரா" என்று ஊரே முழங்கியது. அத்தனை பேரும் மலையைப் பார்த்துக் கைகூப்பிய அந்த நேரத்தில், அவர் மட்டும் மலைக்கு முதுகு காட்டி, பால்கனி சுவரோடு சேரும் இடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தீபத்தைக் கும்பிட்ட கை அவர் பக்கம் தானாகத் திரும்பியது.

பிறகு கேட்டேன். "தீபம் ஏத்தறத நீங்க பாக்கலியே?"

"எல்லாரும் ஒரே நேரத்துல முன்னாடி சாயறது அந்த ஒரு நிமிஷந்தான் சார். அத வுட்டா அப்புறம் எப்ப பாக்கறது? தீபம் பதினோரு நாள் எரியும். நான் மெதுவா பாத்துக்கறேன்."

ஒவ்வொரு தீபத்துக்கும் அந்த வருடம் தான் சோதித்த ஏதோ ஒரு வீட்டின் கீழே அவர் நின்றிருக்கிறார். மலையடியிலேயே வாழ்ந்தும், இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடத் தீபம் ஏறும் கணத்தை அவர் பார்த்ததில்லை. இதை அவரது இறுதிச் சடங்கில், அங்கு வந்திருந்த கொத்தனார்கள் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள்.

நேற்று தீபம். வழக்கம்போல் பால்கனி நிறையச் சொந்தங்கள். நான் மேலே போகவில்லை. ஆறு மணிக்குக் கீழே இறங்கி வந்தேன். ஏழுமலை எனக்கு முன்பே அங்கே அண்ணாந்து நின்றிருந்தான். நானும் அவன் பக்கத்தில் போய் அண்ணாந்து நின்றேன். "அரோகரா" எழுந்தது. தலைக்கு மேல் நாற்பது பேர் ஒரே அடியாக முன்னால் நகரும் சத்தம் கேட்டது. பால்கனி இம்மியும் அசையவில்லை.

மேடம், இந்த வருடம் நீங்கள் மலையைப் பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இனிமேல் திரும்பிப் பார்க்க வேண்டாம். கீழே நாங்கள் நிற்கிறோம்.