அடுப்புக்கரி என்று சொன்னேன்

நமுனுகுல தேயிலைத் தோட்டத்தில் என் அக்காவின் லயத்து வீட்டுச் சுவரில், இரண்டு ஆணிகளின் மேல் ஒரு பழைய தூண்டில் கம்பு கிடந்தது. மஞ்சள் நிறப் பைபர் கம்பு. அதன் கைப்பிடியில் என் மச்சான், அதாவது அக்காவின் கணவர், சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தார். அவருடைய உள்ளங்கை பட்டுப் பட்டு ரப்பர் ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. அவர் செத்து ஒன்றரை வருடமாகியும் யாரும் அதைக் கீழே இறக்கவில்லை. அங்கே போனால் நான் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன்.

மச்சான் புழு மாட்டிவிட்டு மிதப்பையே பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. பொய்மீன் எறிபவர். பிளாஸ்டிக்கில் செய்த சின்ன மீன் அது. நூலைச் சுருட்டச் சுருட்ட மூக்கைத் தண்ணீருக்குள் குத்தி, உடம்பை ஆட்டிக்கொண்டு வரும். அதை நம்பி லூலா என்கிற விரால் மீன் கவ்வும். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் மொனராகலைப் பக்கம் பஸ் ஏறி ஒரு குளத்துக்குப் போவோம். பொய்மீனுக்குப் பைபர்தான் தோது என்பது அவர் கட்சி. மீன் கவ்வியதும் பைபர் மெதுவாக வளைந்து கொடுக்கும், முள் வாயைக் கிழித்துக்கொண்டு வராது. காபன் கம்பு விறைப்பு, மீன் தொட்டதுமே நம் கை வெடுக்கென்று இழுத்துவிடும். அவர் சொன்னது சரிதான். ஆனால் அவருடைய பைபர் கனம். கொழுந்து மூட்டை சுமந்து சுமந்து வலது தோள் போயிருந்தது. நாலு எறி எறிந்தால் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிடுவார். தைலம் தேய்த்தே அக்கா அலுத்துப்போனாள். பார்க்கச் சகிக்காமல் நான்தான் அவரைப் பதுளைக் கடைக்கு இழுத்துப் போனேன்.

பாரமே இல்லாத காபன் கம்பைத் தூக்கிப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. பிறகு என்னிடம் திரும்பினார். தெமோதரைப் பக்கம் தேயிலை பெக்டரியில் மோட்டார், வயரிங் எல்லாம் பார்ப்பவன் நான். மின்சார விஷயத்தில் நான் சொன்னால் அவருக்கு மறுபேச்சு கிடையாது.

"காபன்னா என்னா மாப்புள?"

"கரிதான் மச்சான்."

"கொளத்துக்கு மேல கரண்டு கம்பி போகுதே. இதுல கரண்டு கிரண்டு பாயாதே?"

"அடுப்புக்கரியில கரண்டு பாயுமா? சும்மா எடுங்க மச்சான்," என்று சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அதை வாங்கிய மூன்றாவது ஞாயிறு நல்ல வெயில். தண்ணீர் வற்றியிருந்ததால் வழக்கமான இடத்தை விட்டு, கரண்டு கம்பி தாழ்ந்து தொங்கும் பக்கமாகப் போனோம். எறிவதற்காகக் கம்பைத் தலைக்கு மேல் தூக்கினார். ஒரு வெடிச்சத்தம். நான் அவரிடம் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கம்பி தொங்கினதுதான் காரணம் என்று எல்லோரும் பேசினார்கள். நானும் அதையே பேசினேன்.

காரியம் முடிந்து வேலைக்குப் போன முதல் வாரம் ஒரு பழைய மோட்டாருக்குப் பிரஷ் மாற்ற வேண்டியிருந்தது. சுழல்கிற பாகத்துக்கு மின்சாரத்தைக் கொண்டுசேர்க்கும் சின்னக் கறுப்புத் துண்டு அது. பதினெட்டு வருடமாக மாற்றுகிறேன். பெக்டரியில் அதற்குப் பெயர் வெறும் பிரஷ். அன்றைக்குத்தான் பெட்டியில் அச்சடித்திருந்த முழுப் பெயரைப் படித்தேன். காபன் பிரஷ். என் விரலெல்லாம் கரி. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். காய்ந்த பைபரில் மின்சாரம் லேசில் இறங்காது என்பதும் எனக்குத் தெரியும். என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

போன மாதம் அக்கா தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே நின்றாள். "நாந்தான் புதுக்கம்பு வாங்குங்கன்னு அவர தெனமும் நச்சரிச்சேன். நீ கரண்டு வேல தெரிஞ்சவன், சொல்லுடா தம்பி. பழசயே வச்சிருந்தாலும் இப்படித்தான் ஆயிருக்குமா?"

"ஆமாக்கா," என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. ஒன்றரை வருடத்தில் அந்தத் தெளிவை நான் பார்த்ததில்லை. ஆணிகளிலிருந்து கம்பை இறக்கி, முந்தானையால் தூசி துடைத்து என்னிடம் நீட்டினாள். "அவரு ஞாபகமா நீயே வச்சுக்க."

கைப்பிடியைத் தொடாமல், நடுவில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். கரண்டு கம்பி ரோட்டுக்குக் குறுக்கே போகும் இடத்தில் கம்பைத் தரையோடு தாழ்த்திப் பிடித்தேன். பைபர்தான், ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும்.