வஹாப் பாய் கஞ்சியை ருசி பார்த்த வருசம்

தண்டையார்பேட்டையில் அந்தத் தெருவுக்கு நோன்புக் கஞ்சி என்றால் அப்துல் வஹாப் பாய்தான். அத்தா வழி மீஞ்சூர், அம்மா வழி காலடிப்பேட்டை. இரண்டு பக்கமும் கரண்டி பிடித்தவர் எவருமில்லை. இவருக்கு மட்டும் அந்தக் கை வாய்த்தது. தானும் நோன்பாளி என்பதால் ஒரு சொட்டு நாக்கில் வைக்கமாட்டார். ஆவியை மோந்தே உப்புப் போடுவார்.

தொண்ணூற்றெட்டு சனவரியில் தெருவெல்லாம் அம்மை. நோன்பு தொடங்கும் நேரம் பார்த்து வஹாப் மார்பிலும் கொப்புளம். இந்த வருசம் கரண்டியைத் தொடவேண்டாம் என்றார்கள் பள்ளிவாசலில்.

"அம்மை எனுக்கு வந்துச்சா, அடுப்புக்கு வந்துச்சா? என் கரண்டியைப் புடுங்க நீங்க யாரு?" என்று குதித்தார். மைத்துனன் அமீருதீனுக்கு அந்தக் கரண்டிமேல் ரொம்ப நாளாகவே கண். ஒருமுறை விட்டால் போச்சு என்று பயம்.

மனைவி காத்தூன் பீவி நிதானமாகச் சொன்னாள்: "பக்கத்து வூட்டு செல்லக்கனி முழுகாம கீது. தெனம் கஞ்சிக்குத் தூக்குச்சட்டி எத்துகினு உங்க எதிர்லதான் வந்து நிக்கும். வயித்துல கீறவங்களுக்கு அம்மை ஒட்டிக்கினா ஆபத்துன்னு நர்ஸம்மா சொல்லிச்சே."

வஹாப் கரண்டியை வைத்துவிட்டு மொட்டை மாடி ஏறிவிட்டார்.

எதிரே பள்ளிவாசல். அமீருதீன் கிண்டுவது கண்ணில் பட்டது. காற்று கடல் பக்கம் போனதால் வாசம் மட்டும் எட்டவில்லை. பொறுக்குமா? கயிற்றில் தூக்கைக் கட்டி இறக்கினார்.

"அமீரு, ஒடம்பு சரியில்லாத எனுக்கு ஏது நோன்பு? தூக்கைத் தொடாம எட்ட நின்னு ஊத்து!"

குடித்தார். உப்பே இல்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நோன்பு திறந்ததும் தெருவே அமீருதீனை விரட்டும். அந்த நினைப்பு கஞ்சியைவிட ருசித்தது. ஆனால் கீழே செல்லக்கனி, வயிற்றில் ஒரு கையும் தூக்கில் ஒரு கையுமாக வந்து நின்றாள்.

"டேய் அமீரு, உப்பு எங்கடா?" என்று மாடியிலிருந்து கத்தினார்.

"போட்டேனே மச்சான்!"

"எதுல, உன் சட்டைப் பையிலயா?"

தெருவே சிரித்தது. அன்றிலிருந்து முதல் கரண்டி மாடித் தூக்குக்குத்தான்.

கொப்புளம் காய்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி வஹாப் இறங்கியபோது அமீருதீனே கரண்டியை நீட்டினான். "புடி மச்சான், தோள்பட்டை வுட்டுப்போச்சு."

மறுபடியும் நோன்பாளி, ருசி பார்க்க முடியாது. வழக்கம்போல் மோந்து உப்புப் போட்டார். ஏனோ திருப்தியில்லை.

"செல்லக்கனி! உனுக்குத்தான் நோன்பு இல்லியே, கொஞ்சம் வாயில வெச்சிப் பாரு."

அவள் ஊதி ஊதிக் குடித்தாள். "உப்பு கம்மி பாய்."

"இத்தினி வருசமா ஒருத்தனும் சொல்லலியே!"

"அவங்கல்லாம் பசியில குடிச்சாங்க பாய்!"